குடியிருக்கறவங்க போன் பண்ணா எடுங்க: வாடகைக்கு வீடு விடற ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓனர்களுக்கு,

வணக்கம். தான் குடியிருக்கற வீடு போக, வாடகை வருமானத்துக்காகன்னே ஒரு வீடோ ரெண்டு மூணு ஃப்ளாட்டோ வாங்கிப் போட்டிருக்கறவங்களுக்குத்தான் இந்த மடல். நான் உங்களுக்கும் உங்க வீட்டுல குடியிருக்கறவங்களுக்கும் நடுவுல நின்னு ரிப்பேர் வேலைகளை பார்த்துக் குடுக்கற ஆளு, ரொம்ப வருஷமா இதே தொழில்தான். ரெண்டு பக்கமும் பேசறதைக் கேக்கறேன், உடைச்ச சுவத்துக்குள்ள என்ன இருந்துதுன்னும் பாக்கறேன், அதனால உங்ககிட்ட ஒரே ஒரு விஷயத்தை கெஞ்சிக் கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

குடியிருக்கறவங்க ரிப்பேர்னு போன் பண்ணா எடுங்க, எடுத்து எரிச்சல் படாம கேளுங்க.

சின்ன விஷயமா தெரியலாம். ஆனா நான் பார்த்த பெரிய செலவுகள்ல பாதிக்கு மேல, முதல்ல சொன்னப்போ கேக்காததால வந்தது, இல்லன்னா சொல்லவே பயந்து விட்டதால வந்தது. பழுது வந்ததால வீடு கெட்டுப்போனதை விட, பழுது வந்த சேதி ஓனர் காதுக்கு போகாததால கெட்டுப்போனதுதான் அதிகம். உங்க வீட்டுக்குள்ள தினமும் இருக்கறது அவங்கதான், நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தா பெரிசு. சுவத்துல ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஓதம் ஏறுதுன்னா அதை முதல்ல பாக்கற கண்ணு அவங்களோடது. அந்தக் கண்ணை நீங்களே மூட வெச்சுட்டா அப்புறம் உங்களுக்கு சேதி எங்கேருந்து வரும்?

எப்படி மூட வெக்கறோம்னு சொல்றேன், யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, நான் கண்ணால பாக்கறதை சொல்றேன். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுதுன்னு சொன்னா 'நீங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே'ன்னு பதில் வருது. சீலிங்ல கறை தெரியுதுன்னு போட்டோ அனுப்புனா ரெண்டு நாளைக்கு பதிலே கிடையாது, மூணாவது நாள் பதில் வரும்போது கூடவே 'அடுத்த மாசத்துலேர்ந்து வாடகையை கொஞ்சம் ஏத்தணும்'னும் வருது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லையோ, கேக்கறவங்க மனசுல ஒரு கணக்கு விழுந்துடும், வாயைத் தொறந்தா வாடகை ஏறும், இல்ல காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு. குழந்தைங்க பக்கத்துல பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருக்கும், வீடு மாத்தறதுன்னா லாரி, பேக்கிங், புது அட்வான்ஸ்னு கையில இருக்கறது மொத்தமும் கரையும், அதனால அவங்க என்ன பண்ணுவாங்க, கறை தெரியற இடத்துல ஒரு பீரோவை நகர்த்தி வெச்சுட்டு பேசாம இருந்துடுவாங்க.

அப்படி ஒரு பீரோவை நான் நகர்த்திப் பார்த்திருக்கேன். பின்னாடி பாத்ரூம், அதுல பைப் ஜாயின்ட்ல ஊசி முனை அளவுக்கு ஒரு கசிவு. வாஷரும் கொஞ்சம் டேப்பும் வெச்சு ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கலாம். நான் போனப்போ பூச்சு மொத்தமா உப்பி, தட்டுனா பொத்துன்னு சத்தம் கேட்டுது, பீரோ பின்பலகை முழுக்க பூஞ்சை, உள்ள இருந்த துணியெல்லாம் நாத்தம், கதவு நிலையோட அடிப்பாகம் மக்கி விரல் வெச்சா உள்ள போகுது. ஓனருக்கு கோபம், 'இவ்வளவு நாளா ஏன் சொல்லல'ன்னு. அங்க குடியிருந்த அம்மா மெதுவா சொன்னாங்க, போன தடவை சிங்க் அடைப்பு பத்தி சொன்னப்போ நீங்க பேசின பேச்சுக்கு அப்புறம் எதுக்கும் போன் பண்ண வேண்டாம்னு என் கணவர் சொல்லிட்டார்னு. ஓனர் அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

தண்ணியோட வேலை எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுலதான் 'அப்புறம் பாத்துக்கலாம்'ங்கற வார்த்தை அதிகமா காசு தின்னுது. குழாய்ல செகண்டுக்கு ஒரு சொட்டு விழுந்தா ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல போகும். குழாய்ல சொட்டுனா பரவால்ல, வாளியில புடிக்கலாம், கண்ணுக்கு தெரியும். அதே சொட்டு சுவத்துக்குள்ள ஓடற பைப்புல சொட்டுனா தினமும் 20 லிட்டரை செங்கல்லும் பூச்சும் குடிச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். நனைஞ்ச இடத்தை 24லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வெச்சுட்டா பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது, அதைத் தாண்டிட்டா பிடிக்க ஆரம்பிச்சுடும். அதாவது நீங்க போனை எடுக்காம விடற அந்த ரெண்டு நாள்தான் துடைச்சு காய வெச்சா போதும்ங்கற நிலைமைக்கும், சுரண்டி எடுத்து திரும்பப் பூசணும்ங்கற நிலைமைக்கும் நடுவுல இருக்கற நாள்.

கான்கிரீட் தளமா இருந்தா இன்னும் மோசம். ஈரம் உள்ள கம்பி வரைக்கும் போய் கம்பி துரு பிடிச்சா, துரு சும்மா இருக்காது, இருந்த இரும்பை விட ரெண்டுலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும். உள்ளேயே உப்பி கான்கிரீட்டை வெடிக்க வெச்சு கீழ தள்ளும். சீலிங்லேர்ந்து காரை பேர்ந்து விழுதுன்னு சொல்றாங்களே, பெரும்பாலும் அது நேத்து ஆரம்பிச்ச வேலை இல்ல, மேல பாத்ரூம்ல டைல் இடுக்கு பிரிஞ்சு வருஷக்கணக்கா ஊறின வேலை. அதுக்கு அடியில யாரோ ஒருத்தர் கட்டில் போட்டு தூங்கறாங்க.

இந்த இடத்துல பெயின்ட் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஓதத்து மேல பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கறது ரிப்பேரே கிடையாது. ஈரம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம அடிச்ச பெயின்ட் சீக்கிரமே தோல் உரியற மாதிரி உரியும், அது வரைக்கும் ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ள வேற பக்கம் பரவும். புதுசா ஆள் வர்றதுக்கு முன்னாடி கறையை மறைக்க அடிக்கறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. வர்றவங்க கைக்குழந்தையோட வரலாம், மூச்சுத் திணறல் இருக்கற பெரியவங்களோட வரலாம்.

இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊர், அங்க அவாப் இஷாக்னு ஒரு ரெண்டு வயசு குழந்தை, 2020 டிசம்பர்ல இறந்துபோச்சு. வாடகை வீட்டுல சுவர் முழுக்க பூஞ்சை. அப்பா 2017லயே சொல்லியிருக்கார், அதுக்கு மேல பெயின்ட் அடிச்சுக்கோங்கன்னு பதில் வந்திருக்கு. அந்தக் குடும்பம் குளிக்கற முறை, சமைக்கற முறையாலதான் இப்படி ஆகுதுன்னு பழியை அவங்க மேலயே போட்டிருக்காங்க. 2022 நவம்பர்ல விசாரணை பண்ணின அதிகாரி, வீட்டுப் பூஞ்சையில ரொம்ப நாள் இருந்ததாலதான் மூச்சுக்குழாய் பாதிச்சு குழந்தை இறந்துதுன்னு தீர்ப்பு சொன்னார். அதுக்கப்புறம் அந்தக் குழந்தை பேர்லயே ஒரு சட்டம் வந்துது, 2025 அக்டோபர் 27லேர்ந்து அங்க உள்ளாட்சியும் வீட்டுவசதி சங்கங்களும் வாடகைக்கு விடற வீடுகள்ல உயிருக்கு ஆபத்தான பழுதுன்னா 24 மணி நேரத்துக்குள்ள கவனிக்கணும், பெரிய அளவு ஓதம் பூஞ்சைன்னு புகார் வந்தா 10 வேலை நாளுக்குள்ள வந்து விசாரிக்கணும்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க. உங்க ஊர்ல அப்படி சட்டம் இருக்கா இல்லையாங்கறது என்னோட கேள்வி இல்ல. மூணு வருஷமா ஒரு அப்பா சொல்லிக்கிட்டே இருந்திருக்கார், கேக்கறதுக்கு ஆள் இல்ல, என்னால அதைத் தாண்டி போக முடியல.

பூஞ்சை வந்தாலே குடியிருக்கறவங்க ஜன்னல் தொறக்கல, துணியை உள்ள காய வெச்சாங்கன்னு சொல்றது சுலபம். சில சமயம் அது உண்மையாவும் இருக்கும், மறுக்கல. ஆனா சொல்றதுக்கு முன்னாடி பாருங்க. மழைக்கு அப்புறம் கறை பெரிசாகுதுன்னா வெளிச்சுவர் விரிசலோ மொட்டை மாடியோ. மழை வெயில் எதுக்கும் மாறாம ஒரே இடத்துல ஈரமாவே இருந்தா பைப். தரையிலேர்ந்து மேல ஏறி ஒரு உயரத்துல கோடு போட்ட மாதிரி நின்னு வெள்ளையா உப்பு பூத்திருந்தா நிலத்து ஈரம் ஏறுது. ஜன்னல் ஓரம், சுவர் மூலை, பீரோ பின்னாடின்னு காத்து ஓடாத குளிர்ந்த இடங்கள்ல மட்டும் கறுப்பா புள்ளி புள்ளியா வந்தா அதுதான் வீட்டுக்குள்ள இருக்கற ஆவி தண்ணியாகி படியறது. அதுக்கும் சும்மா அட்வைஸ் பண்ணிட்டு போகக்கூடாது, பாத்ரூம்லயும் சமையலறையிலயும் ஒழுங்கா ஓடற எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கான்னு முதல்ல நீங்கதான் பாக்கணும்.

லீக் இருக்கான்னு கண்டுபிடிக்க எப்பவும் சுவத்தை உடைக்க வேண்டியதில்ல. எல்லாக் குழாயையும் மூடிட்டு தண்ணி மீட்டரைப் பாருங்க, சுத்துச்சுன்னா எங்கேயோ போகுது. ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கலர் தண்ணி ஊத்தி ஒரு கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம விட்டுப் பாருங்க, கீழ கோப்பையில கலர் வந்தா உள்ள இருக்கற ரப்பர் போயிடுச்சு. பாத்ரூம் தரைன்னா வடிகாலை அடைச்சு தண்ணி கட்டி ஒரு நாள் விட்டு கீழ் வீட்டு சீலிங்கைப் பாக்கணும். இதெல்லாம் குடியிருக்கறவங்களே சந்தோஷமா செஞ்சு சொல்லுவாங்க, நீங்க மரியாதையா கேட்டா.

கரண்ட், கேஸ் ரெண்டுலயும் நாளைக்குங்கற பேச்சே கிடையாது. சுவிட்ச் தொட்டா சுருக்குங்குது, ஹீட்டர் போட்டா குழாய்ல ஷாக் அடிக்குதுன்னு ஒரு போன் வந்தா அன்னிக்கே எலக்ட்ரீஷியன் போகணும், போற வரைக்கும் மெயினை ஆஃப் பண்ணி வெக்கச் சொல்லணும். பழைய வீடு வாங்கியிருந்தீங்கன்னா 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகற ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா லைனை அணைச்சுடற சுவிட்ச், போட்டிருக்கான்னு பாருங்க, எர்த் சரியா இருக்கான்னு அளந்து பாக்கச் சொல்லுங்க. அந்த ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன்னு ஒண்ணு இருக்கும், சில மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும், விழலைன்னா மாத்தணும், இதை குடி வர்ற அன்னிக்கே அவங்களுக்கு காட்டிக் குடுங்க. அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு புகார் வந்தா அதை எடுத்துட்டு நேரா கனெக்ஷன் குடுக்கச் சொல்ற ஓனர் இருக்காங்க, அது ஆளைக் கொல்ற வேலை. காத்து போக வழியில்லாத பாத்ரூமுக்குள்ள கேஸ் ஹீட்டர் வெச்சிருந்தா இன்னிக்கே வெளிய மாத்துங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, குளிக்கப் போனவங்களுக்கு மயக்கம் வர்றதே தெரியாது.

சரி, காசு யார் குடுக்கறது? சண்டை வர்ற இடம் இதுதான், அக்ரிமென்ட்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்லாததால வர்ற சண்டை. பெரும்பாலான ஊர்கள்ல நடைமுறை என்னன்னா, கட்டடம், சுவத்துக்குள்ள போற பைப், வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு, தினசரி கையாள்றதுல தேயற சின்னச் சின்ன சாமான் குடியிருக்கறவங்க பொறுப்பு. இந்தியாவுல மாநிலங்களுக்கு ஒரு முன்மாதிரியா மத்திய அரசு 2021ல குடுத்த வாடகைச் சட்டத்துல இதை பட்டியலாவே போட்டிருக்காங்க, பைப் மாத்தறது, வயரிங், வெள்ளையடிக்கறது ஓனருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், ஜன்னல் கண்ணாடி குடியிருக்கறவங்களுக்குன்னு. நீங்க எங்க இருந்தாலும் உங்க ஊர் சட்டத்தைப் பார்த்து, அதுக்கு முரண் இல்லாம, இப்படி ஒரு பட்டியலை அக்ரிமென்ட்டோட சேர்த்துடுங்க. என்னைக் கேட்டா இன்னொண்ணும் சேக்கணும், குறிப்பிட்ட தொகைக்குள்ள வர்ற அவசர வேலையை அவங்களே செஞ்சு பில்லை அனுப்பினா வாடகையில கழிச்சுக்கலாம்னு. ராத்திரி பைப் வெடிச்சா உங்க அனுமதிக்காக தண்ணியில நின்னுக்கிட்டு காத்திருக்க வேண்டியிருக்காது.

காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல புடிக்கறதும் இதோட சேர்ந்ததுதான். பல வருஷம் குடியிருந்த வீட்டுல பெயின்ட் மங்கும், டைல் பளபளப்பு போகும், கதவுக் கைப்பிடி தளரும். அது தேய்மானம், அதுக்குத்தான் மாசாமாசம் வாடகை வாங்கினீங்க. உடைஞ்ச வாஷ் பேசின், பூனை பிறாண்டின கதவு, கழட்டிக்கிட்டு போன ஃபேன், இதெல்லாம் சேதம், தாராளமா புடிக்கலாம். ரெண்டும் தகராறு ஆகாம இருக்க ஒரே வழி குடி வர்ற அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு ரூமா வீடியோ எடுத்து ரெண்டு பேரும் வெச்சுக்கறது, ஒவ்வொரு குழாயையும் தொறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, ஏற்கனவே இருக்கற கீறலையும் சேர்த்து எடுக்கணும். இதைச் செஞ்சுட்டா, பழுதுன்னு சொன்னா நம்ம தலையில கட்டிடுவாங்களோங்கற பயம் அவங்களுக்குப் பாதி போயிடும், அப்புறம் தானா போன் பண்ணுவாங்க.

இன்னொரு பயமும் உண்டு, பழுதுன்னு சொன்னா ஓனர் நினைச்ச நேரம் வந்து நிப்பாரேன்னு. வீடு உங்களோடதுதான், ஆனா வாடகைக்கு விட்ட நாள்லேர்ந்து அது அவங்க குடித்தனம். வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு, அவங்க சொல்ற நேரத்துக்கு வாங்க. பிளம்பரை அனுப்பினா யார் வர்றாங்கன்னு பேரையும் நம்பரையும் முன்கூட்டியே அனுப்புங்க, வீட்டுல பொண்ணுங்க மட்டும் இருக்கற நேரத்துல தெரியாத ஆள் கதவைத் தட்டினா தொறக்க யோசிப்பாங்க, அதைப் போய் 'ஆள் வந்தா தொறக்க மாட்டேங்கறாங்க'ன்னு நீங்க என்கிட்ட குறை சொல்றீங்க.

இதுக்கெல்லாம் பணம் எங்கேன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. வீட்டு விலையில வருஷத்துக்கு 1% பராமரிப்புக்கு ஒதுக்கணும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க. அதை நான் அப்படியே நம்பறதில்ல, ஏன்னா விலையில நிலத்தோட மதிப்பும் சேர்ந்திருக்கு, நிலம் ஒழுகாது. புது ஃப்ளாட்டுக்கு அந்தக் கணக்கு அதிகமா இருக்கலாம், பழைய வீட்டுக்கு பத்தாமலும் போகலாம். கட்டடத்தோட வயசு, பைப் எந்த வருஷம் போட்டது, மொட்டை மாடிக்கு தண்ணி கசியாம கடைசியா எப்போ கோட்டிங் குடுத்தாங்க, இதைப் பார்த்து ஒதுக்குங்க, வாடகை கைக்கு வந்த உடனே தனி கணக்குல போட்டுடுங்க. மொத்த வாடகையும் லாபம்னு நினைச்சு லோன் தவணைக்கு முழுசா கட்டிட்டா, பைப் வெடிச்ச அன்னிக்கு உங்களுக்கு கோபம்தான் வரும், அந்தக் கோபம் போன் பண்ணினவங்க மேலதான் போய் விழும்.

அதோட இதையும் கணக்கு போட்டுப் பாருங்க. நல்லா இருக்கற குடும்பத்தை காலி பண்ண வெச்சு 5% கூட்டி புது ஆளுக்கு விடறீங்கன்னு வெச்சுக்குவோம். நடுவுல ஒரே ஒரு மாசம் வீடு சும்மா கிடந்தா, அந்த ஒரு மாச நஷ்டத்தை அந்த 5% வெச்சு திரும்ப எடுக்க 20 மாசம் ஆகும். பெயின்ட், புரோக்கர் கமிஷன் எல்லாம் இதுல சேர்க்கவே இல்ல. ஒரு குழாயை அன்னிக்கே சரி பண்ணிக் குடுத்து ஒரு குடும்பத்தை நாலு வருஷம் நிம்மதியா இருக்க வெக்கறது, நான் பார்த்த வரைக்கும், வாடகை ஏத்தறதை விட பெரிய வருமானம்.

வேலை செய்யறவங்க பத்தியும் கொஞ்சம். ஒரே இடத்துல ஒரே லீக்குக்கு மூணு தடவை சிலிக்கான் தடவிட்டு போற வேலைக்கு குடுக்கற காசை சேர்த்தா ஒரு தடவை ஒழுங்கா பைப்பையே மாத்தியிருக்கலாம். யார் எப்போ வந்து என்ன செஞ்சாங்க, என்ன பொருள் போட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க, சுவத்தை மூடறதுக்கு முன்னாடி உள்ள பைப் எப்படி போகுதுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்சதும் சொன்ன கூலியை இழுத்தடிக்காம குடுத்துடுங்க, அப்பதான் அடுத்த தடவை அவசரம்னு கூப்பிட்டா அந்த ஆள் வருவார்.

குடியிருக்கறவங்க எல்லாரும் தங்கம்னு நான் சொல்ல வரல. வாடகையை மாசக்கணக்கா இழுக்கறவங்க, வீட்டை நாசம் பண்ணிட்டு போறவங்க, வேணும்னே தொந்தரவு குடுக்கறவங்க எல்லாரையும் பார்த்திருக்கேன், அவங்களால நொந்துபோன ஓனர்கள் என் முன்னாடி கண் கலங்கியிருக்காங்க. வாடகை பாக்கின்னா எழுத்துல நோட்டீஸ் குடுங்க, சட்டப்படி என்ன வழியோ அதுல போங்க, உறுதியா இருங்க. ஆனா பாக்கி இருக்குன்னு ரிப்பேரை நிறுத்தாதீங்க, தண்ணியையோ கரண்டையோ கட் பண்ணாதீங்க. பல நாடுகள்ல அது சட்டப்படி தப்பு, அதோட அந்த லீக் யார் மேல கோபம்னு பாத்து நிக்காது, உங்க சுவத்தைத்தான் அரிக்கும்.

கடைசியா ஒரு வேலை சொல்றேன், இந்த வாரமே செய்ங்க. உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க: 'வீட்டுல ஒழுகறது, ஓதம், கரண்ட் பிரச்சனைன்னு எதையாவது சொல்லாம விட்டிருந்தா இப்ப சொல்லுங்க, இதனால வாடகை ஏறாது, யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்.' அனுப்பினா சொன்ன வார்த்தையைக் காப்பாத்துங்க. பதில் உடனே வரலைன்னா இன்னொரு தடவை கேளுங்க, நம்பறதுக்கு அவங்களுக்கு கொஞ்சம் நாள் ஆகும். லிஸ்ட் நீளமா வந்தா மிரளாதீங்க, கரண்டும் கேஸும் அன்னிக்கே, தண்ணி அந்த வாரத்துக்குள்ள, மத்ததுக்கு எந்த தேதின்னு சொல்லிட்டு அந்த தேதியில ஆளை அனுப்புங்க. தேதி தள்ளிப்போற மாதிரி இருந்தா அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே போன் பண்ணி சொல்லிடுங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்கும் அதுல குடியிருக்கறவங்களுக்கும் நடுவுல நிக்கற ஒருத்தன்